நசீர் சாரும் கோடாலித் தைலமும்

லப்பைக்குடிக்காடு
10.9.2006

அன்புள்ள மச்சானுக்கு,

இர்பானா ஸலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மாமியும் நம் பிள்ளை பர்சானாவும் அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்களும் நன்றாக இருப்பதாகத்தான் போனில் சொல்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வாராவாரம் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் மாமி ஒரு பக்கம், பர்சானா ஒரு பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். கார்டு தீரப்போகிறது என்று நீங்கள் அவசரப்படுவீர்கள். மெயிலில் எழுதலாம் என்றால் அந்த மெயில் விலாசத்திலேயே ஒரு விவகாரம் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன். கடைத்தெரு நஜீமுதீன் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை தம்மாம் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நோன்பு முடிவதற்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று போன தடவை சொன்னீர்கள். நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வாயில் வராததையெல்லாம் இதில் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுவதும் படித்துவிடுங்கள். நடுவில் கோபம் வரும். வந்தாலும் படியுங்கள்.

முதலில் பார்சல். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், எலுமிச்சை ஊறுகாய், முருங்கைக்கீரைப் பொடி, ஒரு பாட்டில் கடலெண்ணெய். நஜீமுதீன் அண்ணன் எல்லார் வீட்டுப் பார்சலையும் கையால் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் பாதியை எடுத்து வெளியே வைத்துவிடுவார் என்று உங்களுக்கே தெரியும். எண்ணெயை வெளியே வைத்தாலும் வெங்காயத்தை வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். உப்பைத் தவிர அதில் எதுவுமே கடையில் வாங்கியது இல்லை மச்சான். எல்லாம் வெள்ளாற்றுப் பக்கம் அத்தா எனக்குக் கொடுத்த நிலத்தில் விளைந்தது. ஒரு ஆடு வாங்கியிருக்கிறேன், ரெண்டு செடி வைத்திருக்கிறேன் என்று போனில் சொன்னபோது, பொழுது போகணும்ல என்று சிரித்தீர்களே, அந்த நிலம்தான்.

பொழுது போவதற்காக ஆரம்பித்தது இல்லை. ஒவ்வொரு தடவையும் இன்னும் ரெண்டு வருஷம், இன்னும் ரெண்டு வருஷம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த வீட்டுக்கு அப்படி என்னதான் வேண்டும், அதில் எதையெல்லாம் நாமே விளைவித்துக்கொள்ளலாம் என்று பார்க்க நினைத்தேன். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள் நான். கடலையைக் கல்லாப் பக்கம் பார்த்திருக்கிறேனே தவிர செடியில் பார்த்ததில்லை. யாரைப் போய்க் கேட்பது? மாமியிடம் கேட்டால், "சபுராளி வூட்டு மருமவ சாணி அள்ளுனா ஊரு என்ன பேசும்" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. நம் தெருவில் வெளிநாட்டுக்குச் சபர் போனவன் பெண்டாட்டி காட்டில் குனிந்தால், அவன் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான் என்றுதான் அர்த்தம் செய்துகொள்வார்கள்.

அப்போதுதான் ரஹ்மத் அண்ணனின் பிரவுசிங் சென்டர் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் கேமராவில் புருஷன் முகத்தைப் பார்க்க ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். திரைபோட்ட தடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு அவர்கள் சிரிக்கிற சிரிப்பும் அழுகிற அழுகையும் தெருவரைக்கும் கேட்கும். நானும் போனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். உங்கள் ஊர்க் கேமரா மட்டும் எப்போது பார்த்தாலும் ரிப்பேர் என்பது அவர்களுக்குத் தெரியாதே. போன லீவில் உங்கள் பெயரில் ஒரு மெயில் விலாசம் போட்டு எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதோடு அதை மறந்தீர்களே, அதைத் திறந்துகொண்டுதான் உள்ளே போனேன். தேடித் தேடி யாகூவில் ஒரு குழுவைப் பிடித்தேன். தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்ளப் பழகுகிறவர்கள், ஆளுக்கொரு ஊரிலிருந்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிற இடம். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். வாசிக்க ஆரம்பத்தில் பல் வலிக்கும், அப்புறம் பழகிவிடும்.

ரொம்ப நாள் ஓரமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். வாயைத் திறக்க வைத்தது ஆடு. முதல் ஈத்து. குட்டி போட்ட பிறகு பால் கட்டிக்கொண்டு மடி கல்லாக இருந்தது. பாவம், கத்திக்கொண்டே நிற்கிறது. நம் வீட்டில் எந்த வலிக்கும் என்ன செய்வோம்? நீங்கள் கொண்டுவந்த கோடாலித் தைலத்தை எடுத்து மடி பூராவும் அரக்கித் தேய்த்துவிட்டேன். குட்டி வந்து மோந்து பார்த்தது, தும்மியது, திரும்பிக்கொண்டது. அப்புறம் தாய் பக்கமே போகவில்லை. சாயங்காலத்துக்குள் துவண்டு படுத்துவிட்டது. கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன். பர்தாவை மாட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடி, நடந்ததை நடந்தபடி அடித்துப் போட்டேன்.

அன்றைக்கு அந்த முகம் தெரியாத ஆட்கள் எனக்குச் செய்ததை நான் மறக்க மாட்டேன் மச்சான். செட்டிகுளத்திலிருந்து வெற்றிச்செல்வி என்று ஒரு பெண் உடனே பதில் போட்டாள். பெரம்பலூரில் ஒரு ஆபீசில் வேலை செய்கிறவள். மடியைச் சீயக்காய் போட்டு வாசம் போகக் கழுவுங்கள், வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்துப் பாலைக் கறந்து, அந்தப் பாலையே காம்பிலும் குட்டி வாயிலும் தடவுங்கள் என்று எழுதியிருந்தாள். எறையூர் குழந்தைவேல் என்பவர், அடுத்த தடவை ஆட்டுக்குத் தலைவலி மாத்திரையும் கொடுத்துப் பாருங்க நசீர் சார் என்று கிண்டல் செய்துவிட்டு, குட்டி குடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருங்க என்றும் எழுதியிருந்தார். ஷார்ஜாவிலிருந்து தர்மன் என்று ஒருவர். அவருக்கு ஆட்டு வைத்தியம் ஒன்றும் தெரியாது. டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி குட்டி குடிச்சுதான்னு மட்டும் சொல்லிடுங்க சார் என்று கேட்டிருந்தார். குட்டி குடித்தது. மறுநாள் அதை எழுதியபோது, நம் வீட்டில் பிள்ளை பிறந்த மாதிரி அத்தனை பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

நசீர் சார் என்று எழுதினேன், கவனித்தீர்களா? மெயிலில் உங்கள் பெயர்தானே இருக்கிறது. அவர்களாகவே என்னை ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவன் பெண்டாட்டி அந்நிய ஆட்களோடு எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று ஊரில் பேச்சு வருவதற்குப் பதிலாக, நசீர் சாராகவே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆகையால் உங்களுக்கே தெரியாமல் நீங்கள் அங்கே பெரிய பிரபலம். தைலம் சார் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நினைக்காதீர்கள். குளிர்ப் பிரதேசத்திலிருந்து ஒருவர் எழுதினார் என்று செடிக்கடியில் சோளத்தட்டையைப் பரப்பினேன், கரையான் வந்து தட்டையையும் தின்றது செடியையும் தின்றது. கோழிகளைக் கீரி கொண்டுபோனது. ஒரு நாள் வெறுத்துப்போய், இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அதற்கு வந்த பதில்களில் ஒன்றுகூட புத்திமதி இல்லை. அவரவர் தோற்ற கதைகளைத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் தேனீப் பெட்டி வைத்து முகம் வீங்கிய கதையைப் படித்துவிட்டு, தடுப்புக்குள் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். ரஹ்மத் அண்ணன், மாப்பிள்ளை இன்னிக்கு ரொம்ப குஷியா இருக்காரு போல என்றார்.

வைகாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிச்செல்வி நேரிலேயே வந்துவிட்டாள். விதை வெங்காயம் கொண்டுவந்து தருகிறேன் என்று எழுதியிருந்தாள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன். மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, நசீர் சார் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். மாமி போய், நசீர் சவுதியில் இருக்கிறான், நீ யாரம்மா என்று கேட்டார்கள். அப்படியானால் எனக்கு மெயில் போடுறது யாருங்க என்று அவள் கேட்டாள். மாமி திரும்பி என்னைப் பார்த்தார்கள். அடுப்படி வாசலில் மண்வெட்டியோடு நின்றிருந்தேன். இன்றைக்கு நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். மாமி என்னையும் மண்வெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவதான் நசீரு. நீ உள்ள வாம்மா" என்றார்கள்.

உங்கள் அம்மாவை நான் அதுவரைக்கும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை மச்சான். அன்றைக்கு அவர்களே பரிமாறினார்கள். வெற்றிச்செல்வியின் அப்பா காலமெல்லாம் பிறத்தியார் காட்டில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கியவர். இவள் வேலைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறாள். எதற்கம்மா இந்தக் கஷ்டம், அதுதான் ஆபீஸ் வேலை இருக்கிறதே என்று மாமி கேட்டதற்கு, "எங்கப்பா குனிஞ்சது ஊருக்கு. நான் எங்க வூட்டுக்குக் குனியுறேன்" என்றாள். மாமி இன்னொரு கரண்டி சோறு வைத்தார்கள். மறுநாளிலிருந்து கோழிகளை மாமிதான் பார்த்துக்கொள்கிறார்கள். சாணி அள்ளுவதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

வெங்காயம் வைத்தோம், நன்றாக வந்தது. பிடுங்கி, தாளோடு காயவைத்து, காட்டிலேயே பட்டறை போட்டு அடுக்கியிருக்கிறோம். தரையில் படாமல் கல் பரப்பி, மேலே தென்னங்கீற்று மூடி, வெற்றிச்செல்வி சொன்னபடிதான் எல்லாம். நசீர் இல்லை, இர்பானா என்று குழுவில் சொல்லிவிடுங்கள் அக்கா என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சரி, சொல்லிவிடலாம் என்று நினைத்து ஒரு நாள் போனேன். அன்றைக்குத் தர்மனிடமிருந்து எனக்கு மட்டும் தனியாக ஒரு மெயில் வந்திருந்தது. இனிமேல் எழுதுவதைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

தர்மனுக்குச் சொந்த ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். ஷார்ஜாவில் கட்டட வேலை. பெண்டாட்டி பெயர் ஆண்டாயி. அவர் எழுதியிருந்தது இதுதான். ஆட்டுக்குக் கோடாலித் தைலம் தேய்த்தீர்கள் என்று படித்த அன்றைக்கே நீங்களும் அரபு நாட்டிலிருந்து திரும்பிப் போனவர் என்று தெரிந்துகொண்டேன் சார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் எப்படித் திரும்பிப் போனீர்கள்? வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்? நான் சூப்பர்வைசர் என்று என் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். நான் தூக்குவது சிமெண்ட். கோடையில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டேன். இருமல் விட மாட்டேன் என்கிறது. கேமராவில் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள், அதனால் எப்போதும் ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன். போன் போடுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்வேன், அப்போதுதான் தொண்டை நனைந்து குரல் நன்றாக இருக்கும். நம்ம ஆம்பளைங்களுக்குள்ள சொல்லிக்கலாம் சார், வூட்டுக்கு இதயெல்லாம் சொல்ல முடியுமா?

மச்சான், அந்தத் தண்ணீர் விஷயத்துக்கு மேல் என்னால் உடனே படிக்க முடியவில்லை.

நீங்கள் போன் செய்யும்போது முதலில் ஒரு சத்தம் கேட்கும். மடக் மடக்கென்று எதையோ குடித்து, டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம். அதற்குப் பிறகுதான், என்ன இர்பானா என்று உங்கள் குரல் வரும். டீ குடித்துக்கொண்டே பேசுகிறீர்கள், அங்கே சௌகரியமாக இருக்கிறீர்கள் என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியிடம்கூட, உங்க பையன் டீ இல்லாம போனைத் தொட மாட்டாரு என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குத் திரைக்குள் உட்கார்ந்து அழுதேன். மற்ற பெண்கள் அழுவதைப் போலத்தானே, அதனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

தர்மன் வேறு, நீங்கள் வேறு என்று சொல்வீர்கள். நீங்கள் குடோனில் நிழலில்தான் இருக்கிறேன் என்பீர்கள். இருக்கலாம். நான் நம்ப மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டால் உண்மையைச் சொல்வீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெயரை வைத்துக்கொண்டதால் ஒரு ஆண்பிள்ளை என்னிடம் இவ்வளவு சொன்னார். உங்கள் பெண்டாட்டியாக இருந்துகொண்டு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபமும் இருக்கிறது.

தர்மனை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கே குழுவில் எல்லாருக்கும் உண்மையை எழுதினேன். நான் நசீர் சார் இல்லை, அவர் பெண்டாட்டி இர்பானா. அவர் தம்மாமில் இருக்கிறார், இன்னும் திரும்பி வரவில்லை. எப்படித் திரும்பி வருவது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். குழந்தைவேல் அண்ணன், அப்ப இனிமே தைலம் அக்காவா என்று ஒரு வரி போட்டார். மற்றவர்கள் கேள்விக்குப் பதில் எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து காடு பார்க்கிறவர்கள் அந்தக் குழுவில் நாலைந்து பேர் இருக்கிறார்கள் மச்சான். வந்த முதல் வருஷம் எவ்வளவு சிரமம், ஊரார் என்னவெல்லாம் கேட்டார்கள், எங்கே தவறு செய்தார்கள் என்று ஒளிக்காமல் எழுதினார்கள். அதையெல்லாம் பிரிண்ட் எடுத்து, பார்சலில் வெங்காயத்துக்கு மேலே வைத்திருக்கிறேன்.

தர்மனிடமிருந்து மட்டும் பதில் இல்லை. அவமானப்பட்டுவிட்டாரோ என்று பயந்துபோனேன். போன வாரம் எழுதினார். "அக்கா, மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், ஒரு பொம்பளகிட்ட சொல்லியாச்சு, என் பொம்பளகிட்ட சொல்றதுக்கு என்னன்னு. நேத்து ஆண்டாயிகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். அவ அழுவல. ஏற்கனவே தெரியும்னு சொன்னா." அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

எனக்கு ஏற்கனவே தெரியவில்லை மச்சான். ஆண்டாயி அளவுக்கு நான் சாமர்த்தியக்காரி இல்லை. எனக்குச் சொன்னால்தான் தெரியும்.

காட்டை வைத்து எல்லாம் ஆகிவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சாப்பாடு ஆகும். அரிசி, சீனி, தேயிலை, உப்பு தவிர இப்போது கடையில் அதிகம் வாங்குவதில்லை. பர்சானா படிப்பு, கரண்ட், மாமிக்கு மாத்திரை, இதற்கெல்லாம் கையில் காசு வேண்டும். வெற்றிச்செல்வியே ஆபீஸ் வேலையை விடவில்லை. நீங்கள் வந்தால் கடைத்தெருவில் சின்னதாக ஏதாவது வைக்கலாம், நம் எண்ணெயையும் வெங்காயத்தையுமே விற்கலாம். முதல் வருஷம் சிரமமாகத்தான் இருக்கும். ஊர் நாலு விதமாகப் பேசும். மாமி அதற்குப் பதில் தயாராக வைத்திருக்கிறார்கள், என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. உடம்பு உங்களுடையது, அங்கே படுகிற பாடும் உங்களுடையது. போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் எங்களுக்காக என்று மட்டும் சொல்லிக்கொண்டு போடாதீர்கள். எங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

பர்சானா எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். அந்தத் தைலக் குட்டி இப்போது அவளை முட்டித் தள்ளுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. மாமி உங்களுக்கு துவா செய்வதாகச் சொன்னார்கள். வெங்காயத்தை ஈரம் படாமல் வையுங்கள். அறையில் கூட இருக்கிறவர்களுக்கும் கொடுங்கள், எங்கள் வீட்டுக் காட்டில் விளைந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

அல்லாஹ் உங்களுக்குப் பூரண சுகத்தைக் கொடுக்கட்டும், எந்தக் குறையும் இல்லாமல் எங்கள் கண்ணில் காட்டட்டும். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போன் செய்வீர்கள் அல்லவா? மாமியையும் பர்சானாவையும் காட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நான் மட்டும் இருப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள் மச்சான். அன்றைக்கு மட்டும் தண்ணீர் குடிக்காமல் பேசுங்கள்.

என்றும் உங்கள்
இர்பானா